பூட்டிய பொருளும் தெருமுனை மெக்கானிக்கும்

(தொழிற்பயிற்சி மாணவர்களும் ஊர்ப் பொதுமக்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

"பழுதுபார்க்கும் உரிமை" என்று தலைப்புக் கொடுத்திருக்கிறீர்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இந்த உரிமைக்காகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பொருளின் சொந்தக்காரரை முன்னால் நிறுத்திப் பேசுகிறார்கள். காசு கொடுத்து வாங்கியவன் நான், திறந்து பார்க்க எனக்கு உரிமை வேண்டும் என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம்தான். ஆனால் நம் ஊரில் எத்தனை பேர் வீட்டு மிக்ஸியைத் தாமே கழற்றுகிறார்கள்? தெருமுனைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு போகிறோம். "அண்ணே, ஓடுறப்ப கருகல் வாடை வருது, கொஞ்சம் பாருங்க" என்று கொடுத்துவிட்டு வருகிறோம். சாயங்காலம் போனால் கார்பன் மாற்றி, கப்ளர் மாற்றி, ஓட்டிக் காட்டித் தருகிறார். எனவே இந்த உரிமை நம் நாட்டில் யாருக்கு முதலில் வேண்டும் என்று கேட்டால், வாங்கியவருக்கும் முன்னால் அந்த மெக்கானிக்குக்கு வேண்டும் என்பேன். அவர் கை கட்டப்பட்டுவிட்டால் நமக்கு ஏட்டில் எந்த உரிமை இருந்து என்ன பயன்?

முதலில் ஒரு வைண்டிங் கடைக்குப் போய் வருவோம். கோவை, ஈரோடு வட்டாரத்தில் இந்தக் கடைகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. காயில் எரிந்துபோன பம்ப்செட் மோட்டாரை விவசாயி ஒருவர் கொண்டுவந்து இறக்குகிறார். எத்தனை ஹெச்.பி. என்பதைத் தவிர மெக்கானிக் அதிகம் கேட்பதில்லை. ஸ்டேட்டரின் ஒரு பக்கம் உளியை வைத்துக் கம்பிகளை வெட்டுகிறார். சூடு காட்டி வார்னிஷை இளக்கி, மறுபக்கமாகக் கொத்துக் கொத்தாக இழுத்து எடுக்கிறார். அதன் பிறகுதான் உண்மையான வேலை. ஒரு கொத்தில் எத்தனை கம்பி என்று எண்ணுகிறார். சுற்றுக் கணக்கு கிடைத்துவிடுகிறது. ஒரு கம்பியின் கருகிய பூச்சைச் சுரண்டிவிட்டு மைக்ரோமீட்டரில் வைத்து கேஜ் பார்க்கிறார். எந்தக் காடியில் இறங்கி எந்தக் காடியில் ஏறியிருக்கிறது என்று பார்த்து, பிசுக்கேறிய நோட்டில் குறித்துக்கொள்கிறார். லெதராய்டு பேப்பரை வெட்டிக் காடிகளில் சொருகி, புதுக் காயிலை இறக்கிக் கட்டி, வார்னிஷ் ஊற்றிக் காயவைத்தால் மோட்டார் கிணற்றடிக்குத் திரும்பிவிடும்.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். மோட்டாரைச் செய்த கம்பெனி அவருக்கு ஒரு துண்டுத்தாள்கூடத் தரவில்லை. தேவையும் படவில்லை. எரிந்துபோன காயிலே அவருக்கு வேண்டிய அத்தனையையும் சொல்லிவிட்டது. பழைய இயந்திரங்களின் பெருந்தன்மை இதுதான். பிரித்துப் பார்க்கத் தெரிந்தவனிடம் அவை எதையும் மறைத்ததில்லை.

ஒரு வட்டாரத்தின் தொழிலே இப்படிப் பிரித்துப் பார்ப்பதிலிருந்து வளர்ந்ததுண்டு. கோவைக் கண்டுபிடிப்பாளர் ஜி.டி. நாயுடு இளைஞராக இருந்தபோது வெள்ளைக்கார அதிகாரி ஒருவரின் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கினார். ஓட்டலில் வேலை பார்த்துச் சேர்த்த பணத்தில் அதையே விலைக்கு வாங்கினார். ஓட்டுவதற்கு முன் பிரித்துப்போட்டுப் பூட்டிப் பார்த்தார். அந்த மனிதர்தான் 1937இல் பாலசுந்தரம் நாயுடுவோடு சேர்ந்து இந்தியாவின் முதல் மின்மோட்டாரைச் செய்தவர் என்று கோவை கொண்டாடுகிறது. அந்த மோட்டார் சைக்கிள் "அங்கீகாரம் பெற்ற மையத்தில் மட்டுமே திறக்கலாம்" என்ற நிபந்தனையோடு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி நினைப்பதுண்டு.

இனி ரிச்சி தெருவுக்கு வாருங்கள். சென்னை அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் இந்த எலக்ட்ரானிக்ஸ் சந்தையில் ஒரு செல்போன் மெக்கானிக்கின் மேசையருகே நின்று பார்த்தால் நேரம் போவது தெரியாது. செத்துப்போன செட் ஒன்று வருகிறது. போர்டை வெளியே எடுத்து டி.சி. பவர் சப்ளையில் மாட்டுகிறார். ஆன் செய்யுமுன்பே கரண்ட் இழுக்கிறது. எங்கோ ஷார்ட். போர்டிலோ கண்ணுக்குச் சரியாகப் பிடிபடாத கெபாசிட்டர்கள் நூற்றுக்கணக்கில். எது போயிருக்கிறது? சால்டரிங் அயர்ன் முனையில் ரோசினைத் தொட்டு, கிளம்பும் புகையைப் போர்டின் மேல் படியவிடுகிறார். போர்டு முழுவதும் வெள்ளை பூத்துவிடுகிறது. ஷார்ட்டான லைனில் ஒரு வோல்ட் அளவுக்குக் கொடுக்கிறார். பழுதான கெபாசிட்டர் மட்டும் சூடாகி, அதன் மேலிருக்கும் ரோசின் உருகி, அந்த ஒரு புள்ளி மட்டும் பளிச்சென்று தெரிகிறது. அதை எடுத்துவிட்டு, டெட் போர்டிலிருந்து நல்லதொன்றைக் கழற்றி வைக்கிறார். செட் உயிர்பெறுகிறது. இதே செட்டைக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோயிருந்தால் "போர்டு போயிடுச்சு சார், மாத்தணும்" என்றிருப்பார்கள். போர்டின் விலையைக் கேட்டதும் நாம் புதுப் போன் கடையை நோக்கி நடந்திருப்போம்.

ஆனால் இந்தத் திறமைக்கும் ஒரு எல்லை உண்டு. காயில் சொன்னதுபோல இந்த போர்டு எல்லாவற்றையும் சொல்லாது. சார்ஜிங் ஐ.சி.யில் கோளாறு என்றால், எந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் வரவேண்டும் என்று தெரிய ஸ்கீமேட்டிக் எனும் சர்க்யூட் வரைபடம் வேண்டும். கம்பெனி அதை அவருக்குத் தராது. எங்கிருந்தோ கசிந்த வரைபடங்களைத் தொகுத்து விற்கும் வெளிநாட்டுச் செயலிகளுக்குச் சந்தா கட்டி அவர் பார்த்துக்கொள்கிறார். ஐ.சி. அந்தக் கம்பெனிக்கென்றே செய்யப்பட்டதாக இருந்தால் வெளிச்சந்தையில் கிடைக்காது. இன்னொரு செத்த போனிலிருந்துதான் எடுக்க வேண்டும். ஒரு நேர்மையான தொழிலாளி தன் தொழிலைத் திருட்டுத்தனம்போலச் செய்யவேண்டிய நிலைக்கு ஏன் தள்ளப்படுகிறார்? ரிச்சி தெருவிலிருந்து சுமார் 40 கிலோமீட்டரில் ஸ்ரீபெரும்புதூர். 2006இல் நோக்கியா ஆலை வந்த நாளிலிருந்து அந்த வட்டாரத்துப் பெண்பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் போன் பூட்டியிருக்கிறார்கள். அந்த ஆலை 2014இல் மூடப்பட்டது. இன்று ஐபோன் பூட்டுகிறார்கள். உலகத்துக்குப் போன் பூட்டித் தரும் மாவட்டங்கள் இவை. அதே போனைப் பிரித்துச் சரிசெய்யத் தேவையான காகிதம் மட்டும் நம் பையன்களுக்கு இல்லை.

காகிதத்தைத் தராதது ஒரு பூட்டு; இப்படிப் பூட்டுகள் பலவிதம். சில பொருளின் அமைப்பிலேயே இருக்கும். எங்கள் வீட்டு வாஷிங் மெஷின், முன்பக்கம் கதவு வைத்தது, சுற்றும்போது லாரி போவதுபோலச் சத்தம் போட ஆரம்பித்தது. பேரிங் போயிருக்கிறது. கம்பெனி ஆள் வந்தார், நல்ல பையன், குறை சொல்ல மாட்டேன். "டப் அசெம்பிளியே மாத்தணும் சார், பேரிங் தனியா வராது" என்றார். அவர் சொன்ன தொகை புது மெஷின் விலையில் பாதியைத் தொட்டது. உள்ளே இருப்பதோ எந்த பேரிங் கடையிலும் எண்ணைச் சொன்னால் எடுத்துத் தரும் சாதாரண பால் பேரிங். ஆனால் அதைச் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் டப்பை இரண்டு பாதியாகச் செய்து, ஸ்க்ரூ போடாமல் ஒட்டவைத்திருக்கிறார்கள். எங்கள் தெரு மெக்கானிக் அந்த ஒட்டை ரம்பத்தால் சுற்றி அறுத்தார். பேரிங்கையும் ஆயில் சீலையும் மாற்றினார். விளிம்பைச் சுற்றித் துளை போட்டு, சிலிகான் தடவி, நட்டு போல்ட்டு வைத்து இறுக்கினார். இன்றுவரை ஓடுகிறது. தொழிற்சாலையில் போட்டிருக்க வேண்டிய ஸ்க்ரூவை அவர் தெருவில் உட்கார்ந்து போட்டார்.

இந்த மாதிரிப் பூட்டை ரம்பம் திறந்துவிடும். மென்பொருள் பூட்டை ரம்பம் திறக்காது. ஒரே கம்பெனி, ஒரே மாடல், ஒரே நாளில் வாங்கிய இரண்டு போன்களை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டும் ஒரிஜினல். ஒன்றின் பேட்டரியை எடுத்து மற்றதில் வைத்தால், சில மாடல்களில் "இது எங்கள் பாகமா என்று உறுதிசெய்ய முடியவில்லை" என்று திரை எச்சரிக்கிறது. பாகத்தின் எண்ணும் போர்டும் தொழிற்சாலையிலேயே ஜோடி சேர்க்கப்பட்டிருக்கின்றன. அந்த ஜோடியைப் பிரிக்கவும் சேர்க்கவும் உதவும் மென்பொருள் கம்பெனியிடம் இருக்கிறது. ஒரிஜினல் பாகம், சரியான வேலை, கைதேர்ந்த மெக்கானிக், மூன்றும் இருந்தும் வாடிக்கையாளரின் கண்ணில் அவர் டூப்ளிகேட் போட்ட ஆளாகிவிடுகிறார். அவருடைய பெயரைக் கெடுக்கும் இந்த வேலையை நான் மிகப் பெரிய அநியாயமாக நினைக்கிறேன். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் 2024இல் போட்ட பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தில் இப்படி ஜோடி சேர்ப்பதைத் தடுத்தது.

இந்த மென்பொருள் பூட்டு எங்கே போய் முடியும் என்று காட்டும் சம்பவம் ஒன்று போலந்தில் நடந்தது. நெவாக் என்ற நிறுவனம் செய்த இம்பல்ஸ் வகை ரயில்கள் கீழ் சிலேசியாப் பகுதியில் ஓடுகின்றன. அவற்றின் பெரிய சர்வீஸுக்கு டெண்டர் விட்டபோது, செய்த நிறுவனத்துக்குக் கிடைக்காமல் வேறொரு பட்டறைக்குக் கிடைத்தது. 2022இல் அந்தப் பட்டறைக்காரர்கள் கையேட்டில் உள்ளபடி பிரித்து, மாற்றி, பூட்டினார்கள். எல்லாம் சரி, திரையில் ஒரு பழுதும் காட்டவில்லை. வண்டி மட்டும் நகரவில்லை. மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு, கடைசியில் டிராகன் செக்டார் என்ற கணினி வல்லுநர் குழுவைச் சேர்ந்த மூன்று பேரை அழைத்தார்கள். அவர்கள் ரயிலின் கணினியிலிருந்து நிரலை எடுத்து வரிவரியாகப் படித்தார்கள். 2023 டிசம்பரில் கண்டதை வெளியிட்டார்கள். போட்டிப் பட்டறைகள் இருக்கும் இடங்களின் ஜி.பி.எஸ். குறியெண்கள் அந்த நிரலில் இருந்தன. அங்கே குறிப்பிட்ட நாட்களுக்கு மேல் நின்றால் ரயில் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும் என்றார்கள். வேறொரு வண்டியில் ஒரு தேதி கடந்ததும் கம்ப்ரஸர் பழுது என்று காட்டும் நிரல் இருந்ததாம். ஓட்டுநர் அறையில் சில பட்டன்களை ஒரு வரிசையில் அழுத்தினால் பூட்டு திறந்துகொள்ளும் என்றும் கண்டார்கள். நெவாக் இதை முற்றிலும் மறுத்தது; அப்படியொரு நிரலை நாங்கள் வைக்கவில்லை என்று சொல்லி அந்த மூவர்மீதே வழக்குப் போட்டது. தீர்ப்பை நீதிமன்றங்கள் சொல்லட்டும். மக்கள் வரிப்பணத்தில் வாங்கிய ரயில் ஏன் நகரவில்லை என்று தெரிந்துகொள்ள, ஒரு பட்டறை தன் செலவில் இவ்வளவு தூரம் போகவேண்டியிருந்தது என்பது எனக்குப் போதும்.

கம்பெனிகள் தரப்பில் ஒரு வாதம் உண்டு. அதை ஒதுக்கித் தள்ளக் கூடாது. பாதுகாப்பு. லித்தியம் பேட்டரியில் ஸ்க்ரூடிரைவர் குத்தினால் தீப்பிடிக்கும். மைக்ரோவேவ் அடுப்புக்குள் இருக்கும் கெபாசிட்டர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். தம்பிகளே, இதைப் பயிற்சி இல்லாமல் தொடாதீர்கள் என்று நானும் சொல்கிறேன். ஆனால் இந்த வாதத்தின் முடிவு என்னவாக இருக்க வேண்டும்? ஆபத்து இருக்கிறது என்றால் சர்வீஸ் மேனுவலை இன்னும் தாராளமாகக் கொடுக்க வேண்டும். எங்கே டிஸ்சார்ஜ் செய்ய வேண்டும், எதை எந்த வரிசையில் கழற்ற வேண்டும் என்று அச்சிட்டுத் தர வேண்டும். ஒரிஜினல் பாகத்தைக் கவுண்ட்டரில் விற்றால் டூப்ளிகேட் பேட்டரிக்கு யார் போகப்போகிறார்கள்? மேனுவலையும் பாகத்தையும் பூட்டிவைத்துவிட்டு, வெளியில் வேலை செய்வது ஆபத்து என்பது நியாயமில்லை. அமெரிக்க அரசின் வணிக ஆணையமான எஃப்.டி.சி. 2021இல் இந்த வாதங்களையெல்லாம் பரிசீலித்து நாடாளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. கட்டுப்பாடுகளுக்குக் கம்பெனிகள் சொல்லும் காரணங்களில் பெரும்பாலானவற்றுக்குப் போதிய சான்று இல்லை என்பதே அதன் முடிவு.

இதே வாதம் நம் நாட்டிலும் ஒருமுறை முழுமையாக விசாரிக்கப்பட்டது. அது பலருக்குத் தெரியாது என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். 2011இல் தனிமனிதர் ஒருவர் இந்தியப் போட்டி ஆணையத்தில் சில கார் கம்பெனிகள்மீது புகார் கொடுத்தார். ஸ்பேர் பார்ட்ஸ் அவர்கள் டீலரிடம் மட்டும்தான் கிடைக்கிறது. பழுதைக் கண்டறியும் ஸ்கேனரும் மென்பொருளும் வெளி மெக்கானிக்குக்குக் கிடைப்பதில்லை. அதனால் டீலர் சொன்னதுதான் விலை என்பது புகார். விசாரணை விரிந்துகொண்டே போயிற்று. 2014 ஆகஸ்ட் 25இல் ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் 2,544 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. அபராதம் பிறகு மேல்முறையீடுகளுக்குள் போய்விட்டது. எனக்கு அந்தத் தொகையைவிட உத்தரவின் உள்ளடக்கம் முக்கியம். பாகம் செய்து தரும் சப்ளையர்கள் அதை வெளிச்சந்தையில் விற்பதைக் கம்பெனிகள் தடுத்துவந்தன. இதை நம் ஊர்க் கண்ணால் பாருங்கள். அம்பத்தூரில் ஒரு சிறு ஆலையில் பிரேக் பாகம் ஒன்று செய்யப்படுகிறது என்று வையுங்கள். அடுத்த தெருவில் மெக்கானிக் கடை. அந்தப் பாகம் கார் கம்பெனிக்குப் போய், அதன் டப்பாவில் ஏறி, டீலர் வழியாகத் திரும்பி வந்தால்தான் உண்டு. ஆலைக்காரர் நேரே விற்கக் கூடாது. இந்தத் தடையை நீக்கச் சொன்னது ஆணையம். கருவிகளையும் தகவல்களையும் வெளி மெக்கானிக்குகளுக்குக் கிடைக்கச் செய்யச் சொன்னது. வெளியில் வேலை பார்த்தார் என்ற ஒரே காரணத்துக்காக வாரண்டி முழுவதையும் ரத்துசெய்யும் நிபந்தனை கூடாது என்றது. பாதுகாப்பு, போலிப் பாகம், காப்புரிமை என்று கம்பெனிகள் சொன்ன காரணங்களையெல்லாம் கேட்டுவிட்டுத்தான் இப்படிச் சொன்னது. இந்திய மெக்கானிக்கைத் தனி ஆளாக மதித்துப் பேசிய அரிய அரசு ஆவணம் அது. காருக்குப் பொருந்தும் நியாயம் போனுக்கும் ஏ.சி.க்கும் ஏன் பொருந்தாது?

மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஒரு குழு அமைத்தது. வேளாண் கருவிகள், செல்போன் மற்றும் டேப்லெட், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள் என நான்கு துறைகளை எடுத்துக்கொண்டார்கள். அவ்வாண்டு டிசம்பர் 24இல், தேசிய நுகர்வோர் தினத்தன்று, பழுதுபார்க்கும் உரிமைக்கென இணையதளம் ஒன்றும் தொடங்கினார்கள். மேனுவல், ஸ்பேர் விலை, வாரண்டி விவரம் எல்லாம் ஓரிடத்தில் கிடைக்க வேண்டும் என்ற நல்ல நோக்கம். ஆனால் கொடுத்தே தீரவேண்டும் என்று கம்பெனியைக் கட்டாயப்படுத்தும் தனிச் சட்டம் இல்லை. கொடுக்க மனமுள்ளவர் கொடுக்கிறார். கொடுத்ததிலும் பெரும்பகுதி வாடிக்கையாளரைக் கம்பெனியின் சொந்த சர்வீஸ் சென்டருக்கு அனுப்பிவைக்கும் தகவல்.

வெளிநாடுகளைப் பார்த்து ஏங்க வேண்டாம், ஆனால் தெரிந்துகொள்ளலாம். பிரான்ஸ் 2021 ஜனவரி முதல் போன், லேப்டாப், டி.வி. போன்ற பொருள்களின் விலைச்சீட்டுக்குப் பக்கத்தில், பழுதுபார்க்க எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் போடவைத்தது. ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட வகைச் சாதனங்களில் வெளி மெக்கானிக்கின் வேலையைத் தடுக்கும் வன்பொருள், மென்பொருள் தந்திரங்களை விலக்குகிறது; உறுப்பு நாடுகள் அதை 2026 ஜூலை 31க்குள் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். இதிலும் ஒரு விஷயம் என் மனதில் தைக்கிறது. பிரான்ஸில் 2022 டிசம்பர் முதல் பழுதுபார்க்கும் செலவில் ஒரு பகுதியைக் கழித்துக் கொடுத்து மக்களைக் கடைக்கு வரவைக்கிறார்கள். ஆம்ஸ்டர்டாமில் மார்டீன் போஸ்ட்மா என்ற பெண்மணி 2009இல் "ரிப்பேர் கஃபே" தொடங்கினார். தெரிந்தவர்கள் கூடி உட்கார்ந்து, கொண்டுவரும் பொருளைச் சரிசெய்து கொடுக்கிறார்கள். அங்கே அந்தத் தொழில் அருகிப்போய்விட்டது. காசும் நேரமும் செலவழித்து மறுபடி நட்டு வளர்க்கிறார்கள். நமக்கு அது இன்னும் ஒவ்வொரு தெருவிலும் உயிரோடு இருக்கிறது. பாகமும் காகிதமும் மட்டும் போதும்.

நம் நாட்டிலும் இப்படி மதிப்பெண் முறை ஒன்றைக் கொண்டுவர முயற்சி நடக்கிறது. அதற்காக அமைத்த குழு 2025 மே மாதம் செல்போன், எலக்ட்ரானிக் பொருள்களுக்கான அறிக்கையைக் கொடுத்துவிட்டது. பிரிக்க எளிதா, ஸ்பேர் நியாயமான காலத்தில் கிடைக்கிறதா, மேனுவல் உண்டா, என்ன ஸ்க்ரூ, என்ன டூல் வேண்டும், மென்பொருள் அப்டேட் எத்தனை நாள் வரும் என்று பார்த்து மதிப்பெண் போட வேண்டும் என்கிறது அறிக்கை. வரவேற்கிறேன். ஆனால் அந்த மதிப்பெண்ணைக் கம்பெனியே தனக்குப் போட்டு அறிவிக்கலாம் என்றும் அது சொல்கிறது. இங்கேதான் நான் ஒப்புக்கொள்ள மறுக்கிறேன். தேர்வெழுதியவரே திருத்திக்கொள்ளும் விடைத்தாளை யார் நம்புவார்கள்?

அதனால் இந்தக் கூட்டத்தின் வாயிலாக மத்திய அரசுக்கு இரண்டு கோரிக்கைகளை எழுதி அனுப்பச் சொல்கிறேன். மதிப்பெண் போடும் பெஞ்சை ஐ.டி.ஐ. தொழிற்பயிற்சி நிலையங்களுக்குக் கொண்டுவர வேண்டும். சந்தைக்கு வரும் ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை வாங்கி இங்கே அனுப்பட்டும். பேட்டரி, டிஸ்ப்ளே, சார்ஜிங் ஜாக் மூன்றையும் மாற்ற எவ்வளவு நேரம் ஆகிறது, எவ்வளவு பசை, எத்தனை வகை ஸ்க்ரூ, மாற்றிய பிறகு திரை என்ன சொல்கிறது என்று இந்தப் பிள்ளைகள் பிரித்துப் பார்த்து எழுதட்டும். அவர்களுக்கு அது பாடமாகவும் இருக்கும். இரண்டாவது, நாளை வரப்போகும் சட்டத்தில் "நுகர்வோர்" என்று எழுதும் இடங்களில் எல்லாம் "நுகர்வோரும் அவர் தேர்ந்தெடுக்கும் பழுதுபார்ப்பவரும்" என்று எழுத வேண்டும். கம்பெனி தன் சர்வீஸ் சென்டருக்கு என்ன பாகத்தை, என்ன வரைபடத்தை, என்ன மென்பொருளைத் தருகிறதோ, அதையே அதே விலைக்குக் கேட்டுவரும் எந்த மெக்கானிக்குக்கும் தரவேண்டும், தராவிட்டால் அபராதம். கடிதத்தின் நகல் வாசலில் மேசைமேல் இருக்கிறது. படித்துப் பார்த்து, சம்மதமானால் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். மெக்கானிக் நண்பர்கள் கையெழுத்துக்குக் கீழே கடையின் பெயரையும், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்பதையும், பாகமோ மேனுவலோ கிடைக்காமல் திருப்பி அனுப்பிய பொருள் ஒன்றின் மாடலையும் எழுதுங்கள். தில்லியில் அதைப் படிக்கிறவருக்கு அந்த மூன்று வரிதான் வேண்டும்.